கரிசல் காட்டு வீட்டிற்கு ஏற்ற உறைபெட்டி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் வட்டாரங்களில் உளுந்தும் பாசிப்பயறும் களத்திற்கு வந்து, பின்னர் பருத்தியும் மிளகாய் வத்தலும் விலையாகும் மாதங்களில்தான் மானாவாரி விவசாயியின் கையில் நான்கு காசு புழங்குகிறது. வீட்டிற்கு வேண்டிய பெரிய பொருட்கள் வாங்கப்படுவதும் அப்பொழுதுதான். அவ்வாறு வாங்கப்படும் பொருட்களின் வரிசையில் அண்மைக் காலத்தில் பிரீசர் எனப்படும் உறைபெட்டியும் சேர்ந்துள்ளது. பிரீசர் என்றதும் துக்க வீட்டிற்கு வாடகைக்கு வரும் கண்ணாடிப் பெட்டியே நம் ஊர்களில் பலருக்கும் நினைவிற்கு வரும். இங்கு நாம் கூறப்போவது கறி, மீன், காய், விதை முதலியவற்றை நெடுநாள் வைத்துக்கொள்வதற்கான வீட்டு உபயோகப் பெட்டியைப் பற்றியதாகும்.

ஒரு ஏக்கர் உளுந்தில் கிடைத்த வருமானம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடிய பொருள் இது. கடைக்காரர் காட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கினால், பெட்டி பாதிக்கு மேல் காலியாகக் கிடந்து மின்சாரத்தை மட்டும் தின்னும். மின்தடையின்போது கவனக்குறைவாக இருந்தால் உள்ளே வைத்த பொருளும் கெட்டு, அதை உண்பவர் உடலும் கெடும். எனவே உறைபெட்டி வாங்கும் முன் விவசாயப் பெருமக்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். ஒரே நாளில் எத்தனை கிலோ பொருளை உறைய வைக்கப் போகிறோம்? நம் ஊரில் ஒரு தடவையில் எத்தனை மணி நேரம் மின்சாரம் நிற்கிறது? பெட்டியின் அளவு, வகை, வைக்கும் இடம் ஆகிய அனைத்தும் இவ்விரண்டையும் பொறுத்தே அமையும்.

உறைபெட்டி செய்யும் வேலை

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் வெப்பநிலை ஏறக்குறைய 4 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். அங்கு கிருமிகள் மெதுவாக வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பச்சை மீனும் இறைச்சியும் ஓரிரு நாட்களுக்கு மேல் தாங்காததற்குக் காரணம் இதுவே. உறைபெட்டியில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி, அதாவது பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி இருக்க வேண்டும். இந்தக் குளிரில் கிருமிகளின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆனால் அவை அனைத்தும் சாவதில்லை, உறங்குகின்றன. பொருள் இளகியதும் விழித்துக்கொண்டு மீண்டும் பெருகுகின்றன. கெடத் தொடங்கிய பொருளை உறைபெட்டியில் வைத்தால் அது நல்ல பொருளாக மாறிவிடாது என்பதை மறக்கக் கூடாது.

குளிரைக் காப்பது எப்படி என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், 1842-ஆம் ஆண்டில் ஐஸ் சேமிக்கும் கிடங்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டிகளை, மரத்தூள் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கு வைத்து விற்றார்கள். மின்சாரமும் இயந்திரமும் இல்லாமல் வெப்பக் கடலைக் கடந்து அந்தப் பனிக்கட்டி வந்து சேர்ந்ததற்கு மூன்று காரணங்கள். சுற்றிலும் வெப்பம் புகாத கனமான பொதிவு இருந்தது. பனிக்கட்டி பெரிய குவியலாக, இடைவெளியின்றி இருந்தது. அடிக்கடி திறக்கப்படவில்லை. நல்ல உறைபெட்டியின் இலக்கணமும் இந்த மூன்றுதான்: தடித்த சுவர், நிறைந்த வயிறு, மூடிய வாய்.

பீரோ வகையும் டிரங்கு வகையும்

வீட்டு உறைபெட்டிகளில் இரு வகை உண்டு. பீரோவைப் போல நிமிர்ந்து நின்று முன்புறம் கதவு திறப்பது ஒரு வகை. இதைக் கடைகளில் அப்ரைட் பிரீசர் என்பார்கள். டிரங்குப் பெட்டியைப் போலக் கிடந்து மேல்புறம் மூடி திறப்பது மற்றொரு வகை. இது செஸ்ட் பிரீசர் எனப்படும். இக்கட்டுரையில் அவற்றைப் பீரோ வகை, டிரங்கு வகை என்றே குறிப்பிடுவோம்.

குளிர்ந்த காற்று கனமானது, கீழ்நோக்கிப் பாயும். பீரோ வகையின் கதவைத் திறந்ததும் உள்ளிருக்கும் குளிர்காற்று, மடை திறந்த தண்ணீர்போல நம் காலடியில் வழிந்தோடுகிறது. அதன் இடத்தில் வெளியிலுள்ள வெப்பக் காற்று புகுகிறது. டிரங்கு வகையில் மூடியைத் திறந்தாலும் குளிர்காற்றின் பெரும்பகுதி தொட்டித் தண்ணீர்போல உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஒரே கொள்ளளவுள்ள இரு பெட்டிகளை ஒப்பிட்டால், டிரங்கு வகை பொதுவாகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்; மின்தடையின்போது அதிக நேரம் குளிரைக் காக்கும்; விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

அப்படியானால் பீரோ வகையால் பயனே இல்லையா? உண்டு. தரையில் இது அடைக்கும் இடம் குறைவு. தட்டுகளும் இழுப்பறைகளும் இருப்பதால் மீன் ஒன்றில், இறைச்சி ஒன்றில், தேங்காய்த் துருவலும் காய்களும் ஒன்றில் எனப் பிரித்து வைக்கலாம். இடுப்பு வலி உள்ளவர்களும் முதியவர்களும் குனியாமல் எடுக்கலாம். டிரங்கு வகையில் அடியில் போன பொருள் ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். பீரோ வகையில் அந்தக் குறை இல்லை.

இவற்றைச் சீர்தூக்கிப் பார்த்துக் கீழ்க்கண்டவாறு முடிவு செய்யலாம்.

1. மின்தடை குறைவாக உள்ள, இடநெருக்கடி மிக்க, நாள்தோறும் எடுத்துப் புழங்கும் வீடுகளுக்குப் பீரோ வகை ஏற்றது.

2. காட்டு வீடுகளிலும், மணிக்கணக்கில் மின்சாரம் நிற்கும் சிற்றூர்களிலும், மொத்தமாக வைத்து எப்பொழுதாவது எடுக்கும் வீடுகளிலும் டிரங்கு வகையே சிறந்தது.

3. பீரோ வகைதான் வேண்டும் என்றால் திறந்த கம்பித் தட்டுகள் உள்ளதைவிட முகப்பு மூடிய இழுப்பறைகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு இழுப்பறையை இழுக்கும்போது மற்றவற்றிலுள்ள குளிர்காற்று அவ்வளவாக வெளியேறாது.

4. கண்ணாடி மூடி போட்ட பழைய ஐஸ்கிரீம் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்க வேண்டாம். கண்ணாடி வழியாக வெப்பம் எளிதில் உள்ளே புகுவதால் மின்செலவு கூடும்.

பனிபடியாத வகை எனப்படும் பிராஸ்ட் பிரீ பெட்டிகளையும் கடையில் காட்டுவார்கள். இவற்றில் சிறு ஹீட்டர் அவ்வப்பொழுது இயங்கிப் பனியை உருக்க, விசிறி காற்றைச் சுழற்றுகிறது. பனி சுரண்டும் வேலை மிச்சம். ஆனால் சற்று அதிக மின்சாரம் செலவாகும். சரியாகப் பொதியாத பொருள் விரைவில் வறண்டு வெளுத்துவிடும். பல மாதங்கள் வைத்திருப்பதற்குச் சாதாரண வகையே போதுமானது. அதில் பனி 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறியதும் பெட்டியை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

அளவு கணக்கிடும் முறை

எத்தனை லிட்டர் பெட்டி வாங்கலாம் என்பதற்கு வீட்டில் எத்தனை பேர் என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. ஒரே நாளில் எவ்வளவு பச்சைப் பொருள் உள்ளே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டி நிறைய இடம் இருக்கிறதே என்று ஒரேயடியாக நிரப்பினால் உள்வெப்பம் ஏறி, ஏற்கெனவே உறைந்திருந்த பொருளும் இளகும். புதியது உறையும் முன்னரே கெடத் தொடங்கும். பொதுவாக 100 லிட்டர் கொள்ளளவுக்கு நாளொன்றுக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ வரையே புதிய பொருளை வைக்கலாம். 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறையும் என்பதைச் சில நிறுவனங்கள் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

உதாரணமாக, பண்டிகைக்கு 25 கிலோ எடையுள்ள ஒரு கன்னி ஆட்டுக் கிடாவையோ கொடி ஆட்டுக் கிடாவையோ அறுக்கிறீர்கள் என்று கொள்வோம். 11 அல்லது 12 கிலோ கறி கிடைக்கும். 100 லிட்டர் பெட்டியில் நெருக்கி அடுக்கினால் மொத்தம் 50 கிலோ வரை கொள்ளும் என்றாலும், அந்தக் கிடாவின் கறி முழுவதையும் ஒரே நாளில் அதில் உறைய வைக்க முடியாது. அதற்கு 250 அல்லது 300 லிட்டர் பெட்டி தேவைப்படும். வருடத்திற்கு இரண்டு முறை வரும் தேவைக்காக அவ்வளவு பெரிய பெட்டியை ஆண்டு முழுவதும் ஓட்டுவதைவிட, நம் ஊர் வழக்கப்படி கூறு போட்டுப் பகிர்ந்துகொண்டு, நான்கு கிலோவை மட்டும் உறைய வைப்பதே சிக்கனம்.

உண்மையான செலவையும் கணக்கிட வேண்டும். பெட்டியின் விலை 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குத் தேய்மானம் 2,000 ரூபாய். நாளொன்றுக்கு ஒரு யூனிட் வீதம் ஆண்டுக்கு 365 யூனிட்டும், யூனிட்டுக்கு 6 ரூபாயும் என்று கொண்டால் மின்செலவு 2,190 ரூபாய். பழுதுபார்ப்புக்கு 500 ரூபாய். ஆகமொத்தம் 4,690 ரூபாய். அதாவது மாதத்திற்கு ஏறக்குறைய 390 ரூபாய். மாதம் 3 கிலோ பொருள் மட்டும் வைத்து எடுக்கும் வீட்டில், கிலோவுக்கு 130 ரூபாய் காப்புச் செலவு ஆகிறது. மாதம் 12 கிலோ வைத்து எடுக்கும் வீட்டில் அது 33 ரூபாய்க்கும் குறைவு. விலையையும் கட்டணத்தையும் உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாதம் நான்கைந்து கிலோவுக்கு மேல் வைக்க வழியில்லை என்று தெரிந்தால், இப்பொழுது வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியின் உறை அறையே போதும். அல்லது அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டியாக வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு வகை நட்சத்திரங்கள்

பெட்டிகளில் இரண்டு வகை நட்சத்திரக் குறிகள் இருப்பதால் பலரும் குழப்பம் அடைகின்றனர்.

ஒன்று, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய மின்சிக்கன நட்சத்திரம். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள இக்குறி, 2020-ஆம் ஆண்டில் உறைபெட்டிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. நட்சத்திரம் கூடக்கூட மின்செலவு குறையும். நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் பாராமல், சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதையும், சீட்டு எந்த ஆண்டுக்குரியது என்பதையும் படிக்க வேண்டும். ஒரு பெட்டி ஆண்டுக்கு 292 யூனிட்டும் மற்றொன்று 438 யூனிட்டும் எடுத்தால் வித்தியாசம் 146 யூனிட். யூனிட் 6 ரூபாய் வீதம் 10 ஆண்டுகளில் அது 8,760 ரூபாய் ஆகிறது. விலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைகிறதே என்று எண்ணி அதிக மின்சாரம் தின்னும் பெட்டியை வாங்குவது, மலிவு விதை வாங்கி மகசூலை இழப்பதற்கு ஒப்பாகும். மேலும், மின்கட்டணம் படிமுறையில் உள்ளதால், பெட்டி வந்தபின் வீட்டின் மொத்த யூனிட் மேற்படிக்கு ஏறுமா என்பதையும் பழைய மின்கட்டணக் கணக்கைப் பார்த்து அறிந்துகொள்ளவும்.

மற்றொன்று, குளிர் அளவைக் காட்டும் நட்சத்திரம். குளிர்பதனப் பெட்டியின் உறை அறைக் கதவில் இதைக் காணலாம். ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 டிகிரியையும், இரண்டு மைனஸ் 12 டிகிரியையும், மூன்று மைனஸ் 18 டிகிரியையும் குறிக்கும். மூன்றுடன் ஒரு பெரிய நட்சத்திரமும் சேர்ந்து நான்காக இருந்தால்தான் பச்சைப் பொருளைப் புதிதாக உறைய வைக்கும் திறன் உண்டு என்று பொருள். மின்சிக்கன நட்சத்திரம் ஐந்து இருப்பதால் மட்டும் குளிரும் அதிகம் என்று கருதிவிடக் கூடாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. தட்பவெப்ப வகை: பெட்டியின் பின்புறத் தகட்டில் என், எஸ்.என், எஸ்.டி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். என், எஸ்.என் வகைகள் 32 டிகிரி வரையிலும், எஸ்.டி வகை 38 டிகிரி வரையிலும், டி வகை 43 டிகிரி வரையிலும் உள்ள அறை வெப்பத்தில் ஒழுங்காக வேலை செய்யும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலுக்கு டி வகையே பொருத்தம்.

2. கதவு ரப்பர்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை. நான்கு பக்கமும் இவ்வாறு சோதிக்கவும். பழைய பெட்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

3. மின்னழுத்தம்: எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் மாலை 6 முதல் 9 மணி வரையிலும், சுற்றுவட்டாரத்தில் பம்பு செட்டுகள் ஓடும் நேரத்திலும் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று ஒயர்மேனைக் கொண்டு முன்னதாகவே அளந்துகொள்ளவும். தாங்கும் அளவிற்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் தேவை. மின்சாரம் போய் வந்தபின் சில நிமிடங்கள் கழித்தே கம்ப்ரசரை இயங்கவிடும் வகையாக அது இருக்க வேண்டும்.

4. பழுதுபார்ப்பு: கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா என்று விசாரிக்கவும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியை, நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் கழிந்த பின்னரே மின்சாரத்தில் இணைக்க வேண்டும்.

கரிசல் பூமியில் அமைக்கும் முறை

கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். சுவரில் கீறலும் தரையில் மேடுபள்ளமும் விழுவது நம் வீடுகளில் சாதாரணம். பொருள் நிரம்பிய பீரோ வகைப் பெட்டி உயரமும் கனமும் உடையது. சாய்வாக நின்றால் கவிழவும் கூடும், கதவு சரியாகப் படியாமல் குளிர் கசியவும் கூடும். எனவே கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெட்டியின் கால்களைத் திருகிச் சமன்செய்ய வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடை முடிந்ததும் ஒரு முறை மீண்டும் சரிபார்க்கவும்.

எர்த் இணைப்பில் தனிக்கவனம் தேவை. ஈரமான கரிசல் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து, எர்த் குழாயைவிட்டு விலகி வெடித்து நிற்கும். அப்பொழுது மின்கசிவு ஏற்பட்டால் அது மண்ணுக்குள் இறங்காமல், பெட்டியைத் தொடுபவர் உடல் வழியாகப் பாயும் அபாயம் உண்டு. எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனப்படும் சுவிட்சைப் பொருத்துவது உயிருக்குப் பாதுகாப்பு.

அடுப்பின் அருகிலும், மேற்கு வெயில் படும் இடத்திலும், தகரக் கூரையின் அடியிலும் பெட்டியை வைக்க வேண்டாம். சுவரிலிருந்து ஒரு கை அகலம் இடைவெளி விடவும். கம்ப்ரசரின் கதகதப்பைத் தேடி எலிகள் வந்து ஒயரைக் கடிக்கும். பின்புறத்தை மாதம் ஒரு முறை பார்த்துப் பெருக்க வேண்டும். பனியைக் கத்தியாலோ ஆணியாலோ சுரண்டக் கூடாது. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றக் கூடிய வாயு அடைக்கப்பட்டுள்ளது. குழாயில் ஓட்டை விழுந்தால் விபத்து நேரும். டிரங்கு வகை வைத்திருப்போர் குழந்தைகள் உள்ளே இறங்கி ஒளிந்து விளையாடாதவாறு பூட்டி வைக்கவும். பயன்படாத பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிவிட வேண்டும்.

வைக்கக் கூடியவையும் கூடாதவையும்

கறியையும் மீனையும் கழுவிச் சுத்தம் செய்து, ஒரு வேளைச் சமையலுக்கு ஆகும் அளவாகப் பிரித்து, காற்றை வெளியேற்றித் தட்டையான பொட்டலங்களாகக் கட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும். தட்டையான பொட்டலம் விரைவில் உறையும். விரைவில் இளகவும் செய்யும். ஆட்டுக்கறித் துண்டுகள் ஆறு மாதம் வரையிலும், கொத்துக்கறி மூன்று மாதம் வரையிலும் சுவை குன்றாமல் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து வரும் மீன்களில் சாளை, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்தவற்றை இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளும், விளமீன் போன்ற கொழுப்புக் குறைந்தவற்றை ஆறு மாதங்களுக்குள்ளும் பயன்படுத்திவிட வேண்டும். காய்களையும் கீரைகளையும் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கியெடுத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, நீரை வடித்து வைத்தால் நிறமும் மணமும் கெடாது. நீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பருத்துவிடும் என்பதால், திரவப் பொருட்களை விளிம்புவரை நிரப்பக் கூடாது; கண்ணாடிப் புட்டிகள் வெடித்துவிடும்.

கோமாரி நோய்த் தடுப்பூசி மருந்து உறைந்துவிட்டால் பயனற்றுப் போகும். அதை 2 முதல் 8 டிகிரியில் மட்டுமே வைக்க வேண்டும். உயிர் உரங்களையும் உறைய வைக்கக் கூடாது. பூச்சிமருந்துகளையும், மருந்து கலந்த விதைகளையும் உணவு வைக்கும் பெட்டியில் எக்காரணத்தைக் கொண்டும் வைக்கக் கூடாது.

பயறும் விதையும்

பயறு வண்டு காட்டிலேயே நெற்றின்மீது முட்டையிட்டு, வீட்டிற்கு வந்தபின் பெருகுகிறது. சிறிதளவு சமையல் பயறையோ விதையையோ காப்பாற்ற உறைபெட்டி உதவும். நன்றாகக் காய்ந்த பயறைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரத்திற்குக் குறையாமல் வைத்தால் முட்டை, புழு, வண்டு அனைத்தும் மடியும். வெளியே எடுத்த பொட்டலத்தை உடனே பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்திற்கு வந்தபின் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் மாற்ற வேண்டும். உடனே பிரித்தால் காற்றின் ஈரம் பயறின்மேல் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

புதுடெல்லியில் உள்ள தேசிய தாவர மரபியல் வளங்கள் பணியகத்தின் விதை வங்கியிலும் விதைகள் நீண்ட காலத்திற்கு இதே மைனஸ் 18 டிகிரியில்தான் வைக்கப்படுகின்றன. ஆனால் அங்கு விதையின் ஈரப்பதத்தை 3 முதல் 7 சதம் வரை குறைத்து, அலுமினிய உறையில் அடைத்த பின்னரே உள்ளே வைக்கிறார்கள். ஈரமுள்ள விதையை அப்படியே உறைய வைத்தால் அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகி முளையைக் கொன்றுவிடும். பார்வைக்கு உளுந்து நன்றாகவே இருக்கும். புரட்டாசியில் விதைத்தபின் முளைக்காதபோதுதான் உண்மை தெரியவரும். மானாவாரியில் தவறிய விதைப்பை மறுபடி பெறுவது அரிது. ஆகவே ஈரப்பதம் 8 சதத்திற்குக் கீழே இருப்பதை அளந்து பார்த்த பின்னரே விதையை உறைபெட்டியில் வைக்கவும். 1901-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை அணுகி இதுபற்றி ஆலோசனை பெறலாம். விதைப்பதற்கு முன் 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைக்கவிட்டுப் பார்க்கவும். 75-க்குக் குறைந்தால் விதைக்கு ஆகாது.

ஏக்கருக்கு 8 கிலோ விதை தேவைப்படும் உளுந்தில், மூன்று நான்கு ஏக்கருக்கான விதை முழுவதையும் ஆண்டு முழுவதும் உறைபெட்டியில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நன்கு உலர்த்துதல், 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ கிளர்வூட்டப்பட்ட களிமண் கலத்தல், காற்றுப் புகாத பைகளில் அடைத்தல், வண்டுப் பொறி வைத்தல் ஆகிய முறைகளே மொத்த விதைக்கு ஏற்றவை. நம் முன்னோர் துவரைக்குச் செம்மண் கட்டி வைத்ததும் இதே நோக்கத்தில்தான். சோளம், கம்பு, மல்லி, மிளகாய் வத்தல் ஆகியவற்றிற்கு உறைபெட்டி தேவையில்லை. வெயிலும் உலர்ந்த கிடங்கும் போதும்.

மின்தடையின்போது செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழையில் ஒரு நாள் முழுவதும் மின்சாரம் இல்லாமல் போவது உண்டு. மூடியே இருக்கும் நிறைந்த பெட்டி இரண்டு நாள் வரை குளிரைக் காக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள் காக்கும். கோடை வெப்பத்திலும், பீரோ வகையிலும், மெல்லிய சுவருள்ள பெட்டியிலும் இந்த நேரம் குறையும். எனவே காலி இடங்களில், முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளை எப்பொழுதும் உறைய வைத்திருக்கவும். செலவில்லாத சேமிப்புக் குளிர் அது. மின்சாரம் நின்றதும் உள்ளே எப்படி இருக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். பெட்டிமீது கனத்த ஜமுக்காளம் போர்த்தலாம். பின்புறமும் காற்றோட்டத் துளைகளும் மூடப்பட்டால் மின்சாரம் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

வீட்டில் ஆளில்லாதபோது மின்சாரம் நின்றுபோய் வந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பியதும் பாருங்கள். நாணயம் மேலேயே இருந்தால் பொருள் பாதுகாப்பாக உள்ளது. அடியில் அமிழ்ந்திருந்தால் உள்ளே எல்லாம் இளகி, மீண்டும் உறைந்திருக்கிறது. அப்படிப்பட்ட கறியையும் மீனையும் காசு போய்விட்டதே என்று பார்க்காமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். நேரில் இருக்கும்போது, பொருளின் நடுவில் இன்னும் பனிக்கட்டி நறநறவென்று இருந்தால் மட்டுமே மறுபடி உறைய வைக்கலாம். முகர்ந்து பார்த்து முடிவு செய்வது தவறு; நோய் தரும் கிருமிகள் பலவற்றிற்கு வாடை இராது.

ஆகவே விவசாயப் பெருமக்கள், வீட்டுத் தேவையை ஒரு மாதம் தாளில் எழுதிப் பார்த்து, மின்தடை நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்தத் தாளுடன் கடைக்குச் செல்லவும். பெரும்பாலான கரிசல் காட்டு வீடுகளுக்கு 100 லிட்டர் அளவிலான, தடித்த சுவருள்ள டிரங்கு வகைப் பெட்டியே போதுமானது. இடநெருக்கடியும் நாள்தோறும் புழக்கமும் தடையற்ற மின்சாரமும் உள்ளவர்கள் இழுப்பறையுடன் கூடிய பீரோ வகையை வாங்கலாம். எழுதிய கணக்கில் மாதம் நான்கைந்து கிலோவைத் தாண்டாதவர்கள் இந்த ஆண்டு வாங்காமல், அந்தப் பணத்தை நல்ல விதைக்கும், நல்ல களத்திற்கும், காற்றுப் புகாத சேமிப்புப் பைகளுக்கும் செலவிட்டுப் பயனடையலாம்.